வாசற்படியில் நான் போட்ட கணக்கு

தம்பானூருக்கு ரயில் வந்து மூன்று நான்கு வருஷம் ஆகியிருக்கும். அப்போது நாங்கள் திருவனந்தபுரத்தில், வலியசாலையில் ஒரு வாடகை வீட்டில் குடியிருந்தோம். என் வீட்டுக்காரருக்குச் சர்க்கார் கச்சேரியில் குமாஸ்தா உத்தியோகம். கரமனை போகிற வழியில் ஒரு மனை வாங்கிச் சொந்தமாக வீடு கட்டத் தொடங்கியிருந்தோம். காலையில் அவர் ஆபீசுக்குப் போனால் சாயங்காலம்தான் வருவார். அதனால் கட்டட வேலையை மேற்பார்வை பார்க்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. விழுந்தது என்று சொல்வதுகூடப் பொய். அவர் வாயைத் திறப்பதற்கு முன்பே நானே எடுத்துப் போட்டுக்கொண்டேன்.

எனக்கு அப்போது முப்பத்திரண்டு வயது. இரண்டு பெண்கள், இரண்டு பேரும் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தார்கள். காலைச் சமையலை முடித்து, அவர்களை அனுப்பிவிட்டு, குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினால் மனைக்குப் போய்ச் சேர்வதற்குள் தெருவில் நாலு பேராவது, “என்ன, இன்ஜினீயர் கிளம்பியாச்சா?” என்று கேட்பார்கள். கேலிதான். எனக்கு அது கேலியாகவே பட்டதில்லை. திருநெல்வேலியில் என் அப்பா பள்ளிக்கூட வாத்தியார். கணக்கை எனக்கு விளையாட்டு மாதிரி சொல்லிக்கொடுத்தவர். எனக்குப் பத்து வயதாக இருக்கும்போது எங்கள் வீட்டை அவர் இடித்துக் கட்டினார். நாள் முழுக்கக் கொத்தனார் பின்னாலேயே சுற்றியவள் நான். வீடு கட்டுவதில் எனக்குத் தெரியாதது என்ன இருக்கப்போகிறது என்று ஓர் எண்ணம். எண்ணம் என்ன, திமிர்தான்.

எங்கள் ஆசாரி மலையாளி, நெய்யாற்றங்கரைப் பக்கத்துக்காரர். அந்த ஊரில் வீடு கட்டுவதென்றால் தச்சாசாரிதான் எல்லாவற்றுக்கும் தலை. மனையில் முதல் குற்றி, அதாவது அடையாளக் குச்சி, அடிப்பதிலிருந்து, அறை எவ்வளவு, வாசல் எங்கே, கிணறு எங்கே என்பதுவரை அவர் குறித்துக்கொடுத்தால்தான் கொத்தனாரும் கல்தச்சரும் கை வைப்பார்கள். எங்கள் ஆசாரிக்கும் ஏறக்குறைய என் வயதுதான். அந்த வயதுக்குள் நல்ல பெயர் எடுத்திருந்தார். பேச்சு மட்டும் ரொம்பக் குறைவு. நான் பத்துக் கேள்வி கேட்டால் ஒன்றுக்குப் பதில் வரும். மீதி ஒன்பதுக்கும் சேர்த்து ஒரு தலையாட்டல். அவர்மேல் எனக்கு இருந்த முதல் குறை அதுதான்.

இரண்டாவது குறை, அவருடைய அளவுகள். அவர் கையில் எப்போதும் ஒரு முழக்கோல் இருக்கும். விரல் விரலாக அடையாளம் வெட்டிய, கருத்துப்போன மரக்கோல். அதை வேறு யாரும் தொட விடமாட்டார். எதை அளந்தாலும் கோல் கணக்கிலும் விரல் கணக்கிலும்தான் சொல்வார். அவர் அந்தப் பக்கம் போனதும், என் வீட்டுக்காரர் ஆபீஸ் உபயோகத்துக்கு வைத்திருந்த மடக்கு அடிக்கோலை நான் பிரித்து வைத்து அளந்து பார்ப்பேன். ஒன்றுகூட முழுசாக வராது. ஓர் அறை பத்தடி நாலேகால் அங்குலம், இன்னொன்று எட்டடி ஏழரை அங்குலம். இதை அளந்துதான் குறித்தாரா, கண்ணை மூடிக்கொண்டு கயிறு கட்டினாரா என்று மனசுக்குள் பொருமுவேன்.

மார்கழி மாதம், வாசற்படிக்கு நல்ல கருங்கல் ஒன்று வண்டியில் வந்து இறங்கியது. தலைவாசல் நிலை அந்தக் கல்லின்மேல்தான் நிற்கவேண்டும். நிலையின் இரண்டு கால்களுக்கும் அடியில் கட்டைவிரல் நீளத்துக்கு ஒரு முளை விட்டிருப்பார்கள். கல்லில் இரண்டு குழி கொத்தி, அந்த முளைகளைக் குழிகளில் இறக்கிவிட்டால் நிலை அசையாது. ஆசாரி கோலை வைத்து அளந்து, கல்லில் இரண்டு இடத்தில் கரியால் அடையாளம் போட்டார்.

“அம்மாளே, நான் வெச்ச அடையாளத்தில் தன்னே கொத்தச் சொல்லணும். ஒரு நெல்லிடை கூடவும் வேண்டாம், குறையவும் வேண்டாம்” என்றார். அவராக அவ்வளவு நீளம் பேசியதே எனக்கு ஆச்சரியமாக இருந்தது. “நிலை நான் என்றெ வீட்டில் வெச்சுப் பணியும். முகூர்த்தத்தன்னிக்குக் காலம்பற கொண்டுவரும்.”

“ஏன், இங்கேயே பண்ணலாமே?” என்றேன்.

“மரம் அங்கேயாணு” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

மறுநாள் கல்தச்சர் வந்தார். நாகர்கோவில் பக்கத்துத் தமிழர். அவர் உளியை எடுப்பதற்கு முன்னால் நான் அடிக்கோலை எடுத்தேன். அடையாளத்துக்கு அடையாளம் மூன்றடி பத்து அங்குலம். அதற்கு மேலும் ஒரு மயிரிழை. எனக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. தலைவாசலுக்குப் போய் இப்படி ஒரு மூளி அளவா? என் அப்பா வீட்டுத் தலைவாசல் மூன்றரை அடி. கணக்காக, சுத்தமாக மூன்றரை. அந்த வாசல் வழியாக எத்தனையோ கல்யாணம், வளைகாப்பு எல்லாம் நடந்து, எல்லோரும் நன்றாகத்தானே இருக்கிறோம்?

அடுப்புக் கரித்துண்டு ஒன்றை எடுத்து நானே புது அடையாளம் போட்டேன்.

கல்தச்சர் கல்லையும் என்னையும் மாறிமாறிப் பார்த்தார். “ஆசாரி வருத்தப்படுவாரே அம்மா?”

“நான் சொல்லிக்கறேன். நீர் கொத்தும்.”

“எதுக்கும் அவருகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டா...”

“வீடு ஆசாரியோடதா, என்னோடதா?”

அவர் உளியை எடுத்தார். கொத்தி முடித்துக் கல்லை அதன் இடத்தில் பதித்துவிட்டு, அடுத்த வேலைக்கு ஊர் திரும்பிவிட்டார்.

ஆசாரியிடம் சொன்னேனா என்றால், சொல்லவில்லை. மறைக்கவேண்டும் என்று நினைக்கவில்லை. எங்கள் ஊர்ப் பக்கத்தில் முதலில் கல்லைப் போடுவார்கள். பிறகு தச்சர் வந்து கல்லை அளந்து பார்த்து, அதற்குத் தகுந்த மாதிரி நிலையைச் செய்வார். இவரும் முடிப்பதற்கு முன்னால் ஒரு தரம் வந்து அளந்துகொள்வார், அப்போது சொல்லிக்கொள்ளலாம் என்று சாவகாசமாக இருந்துவிட்டேன். இந்த ஊர் ஆசாரி ஒரு தரம் அடையாளம் போட்டுவிட்டால் அதன் பிறகு கல்லை வந்து பார்க்கிற வழக்கமே கிடையாது. அவர் போட்ட அடையாளத்தை இன்னொருவர் மாற்றுவார் என்பது அவருக்குக் கனவில்கூடத் தோன்றாது. இதெல்லாம் எனக்குத் தெரியாது. தெரியாது என்பதும் தெரியாது.

தை மாதம் நிலை வைக்க முகூர்த்தம் பார்த்தோம். எங்கள் இருவர் நட்சத்திரத்துக்கும் ஒத்து வந்த நாள் அது ஒன்றுதான். அதைத் தவறவிட்டால் மழைக்கு முன்னால் வேறு நாள் கிடையாது. நிலை நிற்காமல் சுவர் எழும்பாது. சுவர் எழும்பிக் கூரை ஏறுவதற்குள், வைகாசி நடுவில் தொடங்கும் இடவப்பாதி மழை பிடித்துக்கொண்டால் அந்த வருஷத்துக்கு வீடு அவ்வளவுதான்.

அன்று காலையில் தெருவே வந்திருந்தது என்று சொல்லலாம். பூஜை செய்துவைக்கிற வாத்தியார் வந்துவிட்டார். பக்கத்து மனைக்குச் சொந்தக்காரரான வக்கீல் மாமாவும் வந்திருந்தார். எங்களுக்கு உறவில்லை. தெருவில் எல்லோருக்குமே அவர் மாமாதான். எங்கள் வீடு முடிந்ததும் அவர் வீட்டையும் இதே ஆசாரி கட்டுவதாகப் பேச்சு நிச்சயமாகியிருந்தது. ஆசாரி மாட்டு வண்டியில் நிலையைக் கொண்டுவந்து இறக்கினார். அந்த நிலையை நான் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தேன். அவ்வளவு அழகு. மேல்கட்டையில் தாமரை செதுக்கியிருந்தார். மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, மாவிலையும் பூவும் கட்டினோம். குழிகளில் நான் பால் விட்டேன். நாலு ஆட்கள் நிலையைத் தூக்கி நிமிர்த்திக் கல்லின்மேல் இறக்கினார்கள்.

ஒரு கால் குழியில் இறங்கியது. இன்னொரு கால் ‘டக்’ என்று கல்லில் இடித்துக்கொண்டு நின்றது.

மண் ஏதாவது அடைத்திருக்கும் என்று நினைத்தார்களோ என்னவோ, ஆட்கள் மறுபடி தூக்கி இறக்கினார்கள். மறுபடியும் அதே ‘டக்’. குழி ஓரிடத்தில் இருக்கிறது, கால் நாலு அங்குலம் தள்ளி நிற்கிறது. கண் இருக்கிறவர்கள் எல்லோருக்கும் தெரிந்தது. ஆசாரி மண்டியிட்டு உட்கார்ந்து முழக்கோலைக் கல்லில் வைத்தார். ஒரு தரம்தான் வைத்தார். நிமிர்ந்து எங்கள் எல்லோரையும் பார்த்தார். அந்தப் பார்வை என்மேல் ஒரு கணம் நின்றுவிட்டுப் போனது.

“என்ன ஆசாரி, அளவு பிழைச்சுடுத்தா?” என்றார் வக்கீல் மாமா.

“இன்னும் முக்கால் மணிதானாக்கும் இருக்கு” என்று வாத்தியார் அவசரப்படுத்தினார். பெண்கள் கூட்டத்தில் யாரோ, “தலைவாசல்லயே இப்படியா!” என்று முணுமுணுத்தார்கள். என் வீட்டுக்காரர் வெளுத்துப்போய் நின்றார்.

நான்தான் மாற்றினேன் என்று சொல்ல எவ்வளவு நேரமாகும்? ஒரு மூச்சு நேரம். வாயைத் திறந்தேன். தொண்டையில் சத்தமே எழும்பவில்லை. தெருவுக்கே கேட்கிற மாதிரி ஆட்களை விரட்டுகிற என் தொண்டை அன்றைக்கு என்னைக் கைவிட்டுவிட்டது.

“பிழைச்சு, சாமீ. என்றெ பிழை” என்றார் ஆசாரி.

சொன்னதோடு நிற்கவில்லை. நிலையைப் படுக்க வைக்கச் சொன்னார். மஞ்சளும் குங்குமமும் வைத்த நிலையில் ரம்பத்தை வைத்து, ஒரு காலின் முளையை அறுத்து எடுத்தார். கூடியிருந்தவர்களில் சிலர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். பூஜை செய்த வாசக்காலில் ரம்பம் படுவதா? அவர் யார் முகத்தையும் பார்க்கவில்லை. நிலையை நிமிர்த்தச் சொல்லி, ஒரு காலைக் குழியில் இறக்கி, முளையில்லாத காலைக் கல்லின்மேல் நிறுத்தி, ஆப்பு அடித்து இறுக்கி, நூல் பிடித்துச் சரிபார்த்தார். முகூர்த்தத்துக்கு இன்னும் கொஞ்ச நேரம் மீதி இருக்கும்போதே வாத்தியார் கற்பூரம் காட்டிவிட்டார். நிலை நன்றாகத்தான் நின்றது. முளை இறங்காத குழி மட்டும் வாசலுக்கு உள்பக்கமாக எல்லோருக்கும் தெரிகிற மாதிரி வாயைத் திறந்துகொண்டு கிடந்தது.

அதற்குப் பிறகு பத்துப் பதினைந்து நாள் நான் எனக்கே வக்கீலாக இருந்தேன். ‘நிலைதான் நின்றுவிட்டதே, இனி எதற்குப் பேச்சு? அவரே தன் தப்பு என்று சொன்னபிறகு நான் நடுவில் புகுந்தால் அவருக்கல்லவா அவமானம்?’ இப்படியெல்லாம். சில சமயம் அவர்மேலேயே கோபம் வந்தது. யார் இவரை ஒப்புக்கொள்ளச் சொன்னது? மனைக்குப் போவேன். முன்மாதிரி எதையும் அளக்கமாட்டேன். குடையை விரித்துக்கொண்டு ஓரமாக நிற்பேன். அவரும் என்னை ஒன்றும் கேட்கவில்லை.

மாசியில் ஒரு நாள், பக்கத்து மனையில் புது ஆட்கள் கயிறு பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

“அது யாரு, ஆசாரி? உம்ம ஆட்களா?” என்று கேட்டேன்.

“அல்ல. வேறெ ஆசாரியாணு.” உளியிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார். “வக்கீல் சாமிக்கு ஒரு பயம். தலைவாசல் பிழைச்ச ஆசாரி அல்லே.”

“அப்போ உமக்கு அடுத்த வேலை?”

“இவிடெ இனி ஆரும் விளிக்கமாட்டா. ஈ வீடு தீர்ந்தா நான் கொல்லத்துக்குப் போகும். அங்கெ பெண்டாட்டி வீட்டுக்காரர் உண்டு.”

குறை சொல்வது மாதிரிச் சொல்லவில்லை. மழை வரும்போலிருக்கிறது என்று சொல்வது மாதிரிச் சொன்னார். ஒரு நல்ல வேலைக்காரருடைய பெயரை நான் ஒரு கரித்துண்டால் அழித்திருக்கிறேன்.

அன்று சாயங்காலம் என் வீட்டுக்காரர் வந்ததும் வராததுமாக எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவர் காப்பி டம்ளரைக் கீழே வைத்தார். “அப்பவே சொல்லியிருக்கப்படாதோ?” என்றார். பிறகு, “இனிமே சொல்லி என்ன ஆகப்போறது? நிலை நின்னாச்சு. ஊர்வாய்க்கு அவல் போட்ட மாதிரி ஆகும், கேட்டயா” என்றார். பாவம், சண்டை சச்சரவுக்குப் பயந்த மனிதர். நான் கேட்கவில்லை. மறுநாள் காலையில் நேரே வக்கீல் மாமா வீட்டுக்குப் போனேன்.

மாமா கூடத்தில் கட்சிக்காரர் இரண்டு பேரோடு உட்கார்ந்திருந்தார். மாமி தாழ்வாரத்தில் காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். எல்லோரும் கேட்கட்டும் என்று நின்றபடியே சொன்னேன். “மாமா, எங்க வாசக்கால் விஷயத்துல ஆசாரிமேல ஒரு தப்பும் இல்லை. அவர் போட்ட அடையாளத்தை மாத்தினது நான். கல்தச்சரண்ட வேற அளவு சொன்னது நான்.”

மாமா மூக்குக் கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். பிறகு சிரித்தார். நல்ல சிரிப்புதான். “அம்மா, நான் முப்பது வருஷமா கோர்ட்டுல சாட்சி பாக்கறவன். ஒருத்தனைக் காப்பாத்தப் பழியைத் தன்மேல போட்டுக்கற சாட்சியும் பாத்திருக்கேன். அவனோட பிழைப்பு போறதேன்னு நோக்கு மனசு கேக்கலை. அவ்வளவுதானே?”

“இல்லை மாமா, நிஜமாவே...”

“அவனே எல்லார் முன்னாலயும் என் பிழைன்னு ஒத்துண்டானே! ஒத்துண்டப்புறம் வேற என்ன சாட்சி வேணும்?”

மாமி எழுந்து வந்து என் கன்னத்தை வழித்தாள். “எத்தனை நல்ல மனசுடி உனக்கு! இந்தக் காலத்துல யாரு ஒரு ஆசாரிக்காக இப்படிப் பரிஞ்சுண்டு வருவா?” என்று சொல்லி, அப்போதுதான் இறக்கிய நேந்திரங்காய் வறுவலை ஒரு தட்டில் கொண்டுவந்து வைத்தாள்.

இப்போது வெட்கத்தை விட்டு ஒன்று சொல்கிறேன். எனக்கு அது இனித்தது. வறுவலைச் சொல்லவில்லை. நான் சொல்லவேண்டியதைச் சொல்லிவிட்டேன், அவர்கள் நம்பாவிட்டால் நான் என்ன செய்வேன்? தப்பும் செய்து, நல்லவள் என்ற பெயரும் வாங்கி, தட்டைக் காலி செய்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். என் வீட்டுக்காரரும், “உன் கடமை தீர்ந்துது, விடு” என்றார். நானும் விட்டுவிடத்தான் நினைத்தேன்.

ஆனால் மூன்றாம் நாள் கோவில் குளத்தில் நாலு பெண்கள் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். அதே பாராட்டு. அதில் ஒருத்தி, “வேலையைக் கெடுத்துட்டு, ஒரு பொம்மனாட்டி போய்ப் பொய் சொல்லிக் காப்பாத்த வேண்டியிருக்கு பாருங்கோ! அவனெல்லாம் ஒரு ஆசாரி!” என்றாள். படிக்கட்டில் அப்படியே நின்றுவிட்டேன். நான் போய்ப் பேசியதால் அவர் பெயர் இன்னும் கீழே போயிருந்தது. என் பெயர் இன்னும் மேலே ஏறியிருந்தது. ஈரப் புடவையோடு வீட்டுக்கு வந்து, மாற்றிக்கொண்டு, மடக்கு அடிக்கோலைக் கையில் எடுத்துக்கொண்டு மறுபடியும் வக்கீல் மாமா வீட்டு வாசலில் போய் நின்றேன்.

“மாமா, சாட்சி கேட்டேளே. கொண்டுவந்திருக்கேன். எழுந்து வாங்கோ” என்றேன்.

என் குரல் திரும்பி வந்துவிட்டிருந்தது. அந்தக் குரலுக்கு என் வீட்டுக்காரர் மட்டுமல்ல, வக்கீலும் எழுந்துதான் ஆகவேண்டும். கட்சிக்காரர்களும் வேடிக்கை பார்க்கக் கூடவே வந்தார்கள்.

ஆசாரி உத்தரத்துக்கு மரம் இழைத்துக்கொண்டிருந்தார். எங்கள் ஊர்வலத்தைப் பார்த்து இழைப்புளியைக் கீழே வைத்தார். நான் வாசற்படிக்குப் போய், குழியில் இறங்கியிருந்த காலின் நடுவிலிருந்து காலியாகக் கிடந்த குழியின் நடுவரைக்கும் அடிக்கோலைப் பிரித்து வைத்தேன்.

“மாமா, குனிஞ்சு பாருங்கோ. எவ்வளவு?”

மாமா கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். “மூணடி ஆறு அங்குலம்.”

“கூடக் குறைச்சல் உண்டா?”

“இல்லை. சரியா மூணரை.”

“ஆசாரி, இதே தூரத்தை உம்ம கோலால அளந்து சொல்லும்.”

ஆசாரி தயங்கினார். “எதுக்கு அம்மாளே, அது கழிஞ்ச காரியம்” என்றார். “அளந்து சொல்லும்” என்றேன். அவர் மண்டியிட்டுக் கோலை வைத்தார். “முப்பத்தஞ்சு விரல் கழிஞ்ஞு. முப்பத்தாறு எத்தியில்ல.”

“அதாவது ரெண்டு அடையாளத்துக்கும் நடுவுல. எந்த ஆசாரியாவது தன் கோல்ல அடையாளமே இல்லாத இடத்துல தலைவாசல் குழியைக் குறிப்பானா, மாமா? இந்தக் கோலுக்கு மூணரை அடின்னா என்னன்னே தெரியாது. அது தெரிஞ்சது என் கையில இருக்கற அடிக்கோலுக்குத்தான். இப்போ நிலையோட காலுக்குக் கால் அளக்கச் சொல்லுங்கோ.”

ஆசாரி அளந்தார். “முப்பத்தொம்பது விரல்” என்றார். கோலின் அடையாளத்தில் கச்சிதமாக நின்றது. மாமாவே குனிந்து தொட்டுப் பார்த்தார்.

“அதென்ன முப்பத்தொம்பது?” என்று கேட்டார்.

“வாசலோட சுற்றளவுக்கு ஒரு கணக்குண்டு, சாமீ. அது ஒத்து வந்தா இப்படியாணு வரும்.”

நான் மூளி அளவு என்று சிரித்தது அந்தக் கணக்கைத்தான். கட்சிக்காரர்கள், கொத்தனார், சித்தாள்கள் எல்லோரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இந்தத் தரம் யாரும் என் கன்னத்தை வழிக்கவில்லை. மாமா என்னை ஏற இறங்கப் பார்த்தார். அந்தப் பார்வையில் கொஞ்சம்கூடப் பாராட்டு இல்லை. காது வரைக்கும் எனக்குச் சுட்டது. ஆனால் நெஞ்சில் மட்டும் ஒரு மாசமாக அடைத்துக்கொண்டிருந்தது இறங்கிவிட்டது.

மாமா ஆசாரியிடம் திரும்பினார். “ஓய், தெரியாம நினைச்சுட்டேன். என் மனையும் நீர்தான் பாக்கணும். அவாளை நான் அனுப்பிச்சுடறேன்.”

ஆசாரி கோலை எடுத்துத் துணியால் துடைத்துக்கொண்டார். “வேண்டாம், சாமீ. அங்கெ ஒருத்தர் குற்றி அடிச்சாச்சு. அவரெ எறக்கிட்டு நான் கேறமாட்டேன்.”

எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. ஆக, நான் கெடுத்த அந்த ஒரு வீடு கெட்டது கெட்டதுதான். அதைத் திருப்பிக் கொடுக்க என்னால் முடியவில்லை. ஆனால் வக்கீல் மாமாவுக்கு ஒரு நல்ல கதை கிடைத்தால் சும்மா இருப்பாரா? கோர்ட்டு வராந்தாவிலும் கோவிலிலும் பழவங்காடிக் கடைகளிலும் அடிக்கோல் சாட்சியைக் கை கால் ஆட்டிச் சொல்லி முடித்தார். அந்தக் கதையில் ஆசாரி மகா கெட்டிக்காரர், நான் மகா அசடு. மழைக்கு முன்னால் எங்கள் வீட்டுக்குக் கூரை ஏறுவதற்குள் எங்கள் தெருவிலிருந்தே இரண்டு பேர் ஆசாரியைத் தேடி வந்துவிட்டார்கள். கொல்லம் பயணம் நின்றுபோனது. எனக்கு ‘மூணரை அடி மாமி’ என்ற பட்டம் நிலைத்தது. என் பேரன் பேத்திகள்வரை அந்தப் பட்டம் வந்து சேர்ந்திருக்கிறது.

கிருகப்பிரவேசத்துக்கு இரண்டு நாள் முன்னால், கதவுக்குக் கடைசியாகத் தாழ்ப்பாள் வைத்துக்கொண்டிருந்த ஆசாரியிடம் போய் நின்றேன்.

“ஆசாரி, அன்னிக்குக் கோலை வெச்ச உடனே உமக்குத் தெரிஞ்சுடுத்து, இல்லையா?”

“தெரிஞ்ஞு.”

“பின்னே ஏன் உம்ம தப்புன்னு சொன்னீர்?”

“ஆர் பிழைன்னு தர்க்கம் பண்ணிட்டிருந்தா முகூர்த்தம் போகும், அம்மாளே. நிலை நிக்கணும். அதல்லே அன்னிக்குள்ள காரியம்.”

“சரி, அன்னிக்கு விடும். அப்புறமாவது வக்கீல் மாமாகிட்டச் சொல்லியிருக்கலாமே? உம்ம பிழைப்பே போக இருந்துதே?”

அவர் தாழ்ப்பாளை இப்படியும் அப்படியும் இழுத்துப் பார்த்தார். சுலபமாக ஓடியது. “அப்புறம் சொல்லவேண்டியது நானல்லல்லோ” என்றார்.

கோபமில்லை, இடித்துக்காட்டலும் இல்லை. நான் சொல்வேன் என்று அவர் காத்திருந்தாரா, சொல்லமாட்டேன் என்று முடிவு கட்டிக் கொல்லத்துக்குக் கிளம்பியிருந்தாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கேட்கத் துணிச்சல் வரவில்லை. ஒன்று மட்டும் தெரியும். முதல் தரம் வக்கீல் மாமா வீட்டில் தப்பை ஒப்புக்கொண்டபோது எனக்கு அவ்வளவு கஷ்டமாக இல்லை. நல்லவள் என்று அவர்கள் கொடுத்த பெயரைத் திருப்பிக் கொடுக்க அதே வாசலுக்கு மறுபடி நடந்தேனே, அந்தப் பத்து நிமிஷ நடைதான் என் வாழ்க்கையிலேயே ரொம்ப நீளமான நடை.

எனக்கு இப்போது எழுபதைத் தாண்டிவிட்டது. இன்னும் எதற்கும் முந்திக்கொண்டு கருத்துச் சொல்கிற குணம் போகவில்லை, போகும் என்று யாரும் எதிர்பார்க்கவும் இல்லை. ஆனால் யாராவது என்னைப் பார்த்து, “உங்களுக்கு எவ்வளவு நல்ல மனசு!” என்று சொன்னால் மட்டும், எதற்காகச் சொல்கிறார்கள் என்று ஒரு தரம் நன்றாக யோசித்துப் பார்த்துவிட்டுத்தான் தலையாட்டுகிறேன்.